குழாயோடு குழாய் கைகோத்த கதை



பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்துவிட்டால், மணமேல்குடிப் பக்கத்து வீடுகளிலே இப்படி ஒரு பேச்சு எழுவது சகஜம். "அப்பா, ரெண்டு முழம் பிளாஸ்டிக் பைப்பு வேணும். சட்டுனு மாட்டி சட்டுனு கழற்றுகிற மாதிரி ஒரு இணைப்பு செஞ்சு காட்டணும்" என்று பிள்ளை வந்து நிற்கும். நாம் என்ன சொல்வோம்? "இருக்கிற பைப்பையும் அறுத்துக் கெடுக்காதே, போய்ப் படி" என்போம்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிள்ளை கேட்பது விளையாட்டுச் சாமான் இல்லை. தண்ணீர் ஒழுகாமல், கழன்று ஓடாமல், ஒரு குழாயை இன்னொன்றோடு சேர்ப்பது எப்படி என்று மனிதன் பல நூறு வருஷம் யோசித்திருக்கிறான். அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய். அது சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, நம் மும்பாலை ஏரியிலே வந்து முடிகிறது. கடைமடை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே உள்ளவர்கள் வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சியதுதான் நமக்கு. அது வராத காலத்தில் கிணறுதான் துணை. கடலோரக் கிணற்றிலோ அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலே உப்புத் தண்ணீர் ஏறிவிடும். ஆகவே, இறைத்த தண்ணீர் வழியிலே வீணாகக் கூடாது.

ஆனால் வீணாகிறதே! மோட்டாரிலிருந்து சவுக்குக்கும் தென்னைக்கும் கடலைக்கும் குழாய் போட்டிருக்கிறோம். ஒரு இணைப்பிலே ஐந்து நிமிடத்துக்கு ஒரு குடம் ஒழுகுகிறது என்று வையுங்கள். மணிக்கு 12 குடம். ஐந்து மணி நேரம் மோட்டார் ஓடினால் 60 குடம். இப்படி நாலு இணைப்பு இருந்தால் 240 குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 3,600 லிட்டர். பயிருக்குப் போக வேண்டிய இவ்வளவு தண்ணீரையும் வரப்போரத்து மணல் குடித்துவிடும்.

இனிக் கதைக்கு வருவோம்.

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே 2024-இல் நடந்த அகழாய்வில் சுடுமண் குழாய் வரிசை ஒன்று வெளியே வந்தது. ஒவ்வொன்றும் சுமார் 36 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். ஒன்றின் வாயிலே அடுத்ததன் நுனியைச் செருகி வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். நாம் இன்றைக்கு பி.வி.சி. குழாயின் விரிந்த வாய்க்குள் அடுத்த குழாயை நுழைக்கிறோமே, அதே யோசனைதான். ஆனால் அந்த மாதிரி இணைப்பு, தண்ணீர் தானாகச் சரிவிலே ஓடும் வரைக்கும்தான் செல்லும். பின்னாலிருந்து அழுத்தித் தள்ளினால் செருகிய இடம் விட்டுப் போகும்.

தோல் குழாயும் நமக்குப் புதிதில்லை. கவலை இறைத்த பெரியவர்களைக் கேளுங்கள். இரும்புக் கூனையின் அடியிலே யானைத் தும்பிக்கை மாதிரி தோல் தும்பி தொங்கும். இரும்பும் தோலும் சேருகிற இடத்தை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டு தளர்ந்தால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும்.

கடல் தாண்டி ஆலந்து நாட்டிலே, ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், யான் வான் டெர் ஹெய்டன் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1670-களில் அவரும் அவர் சகோதரரும் சேர்ந்து, தீயணைக்கத் தோலால் நீளக் குழாய் தைத்தார்கள். ஒரே நீளமாகத் தைத்தால் தூக்க முடியாது. அதனால் துண்டு துண்டாகத் தைத்து, நுனிகளில் பித்தளை மரையாணி வைத்துத் திருகிச் சேர்த்தார்கள். வேண்டியபோது சேர்க்கலாம், வேலை முடிந்தால் பிரிக்கலாம். அழுத்தத்தோடு வரும் தண்ணீருக்கு ஏற்ற, கழற்றி மாட்டும் இணைப்பு என்ற வழி அங்கே பிறந்தது.

மரை நல்லதுதான். ஆனால் அதிலே இரண்டு சங்கடம். ஒன்று, அவசரத்திலே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; மண் ஒட்டினால் திருகு ஏறாது. இரண்டாவது, ஒரு பக்கம் ஆண் மரை, மறுபக்கம் பெண் மரை. குழாயைத் தலைகீழாக இழுத்து வந்துவிட்டால் மறுபடி திருப்பிப் போட வேண்டும். 1882-இல் கைடோ ஸ்டோர்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முகம். இரண்டிலும் கொக்கிப் பல். எதிரெதிராக வைத்து ஒரு கால் திருப்பு திருப்பினால் பல்லோடு பல் கோத்துக்கொள்ளும். ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. இன்றைக்கும் பல நாட்டுத் தீயணைப்புப் படையில் அதுதான் புழங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1904 பிப்ரவரி 7-ஆம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் தீப்பிடித்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் என்று பக்கத்து நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. ஆள் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆனால் வந்தவர்களில் பலருடைய குழாய் அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் மாட்டவில்லை! ஊருக்கு ஊர் மரை அளவு வேறு. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. பிறகு விசாரித்துப் பார்த்தால், அந்த நாட்டிலே தீயணைப்புக் குழாய் இணைப்பில் மட்டும் 600-க்கு மேல் தினுசு இருந்ததாம். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் ஒரே அளவு என்று 1905-இல் வகுத்தார்கள்.

நம்ம ஊரிலே இது நடக்கவில்லையா? அண்ணன் வாங்கிய குழாய் ஒரு அளவு, தம்பி வாங்கியது ஒரு அளவு. பாத்தி காய்கிற நேரத்தில் இரவல் வாங்கி வந்து பார்த்தால் மாட்டாது. சணலையும் சாக்கையும் சுற்றிக் கட்டி ஒப்பேற்றுகிறோம். பால்டிமோர் கதை நம் வயலிலேயும் சின்ன அளவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, பிளாஸ்டிக் எப்போது வந்தது? அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்பவர், ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை தேடினார். தேடிய பசை கிடைக்கவில்லை. 1926-இல் வளைந்து கொடுக்கும் பி.வி.சி. கிடைத்தது! 1930-களில் ஜெர்மனியில் கெட்டியான பி.வி.சி.யில் தண்ணீர்க் குழாய் செய்தார்கள். அதே குட்ரிச் கம்பெனியின் கூட்டுறவோடு, நம் மேட்டூரில் 1967-இல் பி.வி.சி. தூள் உற்பத்தி தொடங்கியது. கணக்கைப் பாருங்கள். மும்பாலைக்குத் தண்ணீர் அனுப்பிய மேட்டூரே, அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகும் குழாய்க்குச் சரக்கும் அனுப்பியது.

பி.வி.சி. குழாயைச் சொல்யூஷன் தடவி ஒட்டினால் அது நிரந்தரக் கல்யாணம். பிரிக்க வேண்டுமானால் ஆக்ஸா பிளேடுதான். மண்ணுக்குள் புதைக்கும் குழாய்க்கு அது சரி. ஆனால் இன்றைக்கு இந்தக் கடலைக்காடு, நாளைக்கு அடுத்த கொல்லை என்று தூக்கிப் போடும் குழாய்க்கு அது ஆகாது.

அப்படித் தூக்கிப் போடும் குழாய் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது. போர் முடிந்ததும் அமெரிக்காவில் அலுமினியம் மலிந்தது. ஒரு ஆள் தோளில் தூக்கும் அலுமினியக் குழாயும், செருகிக் கொக்கி போடும் இணைப்பும் சேர்ந்து தெளிப்புநீர்ப் பாசனத்தை வளர்த்தன. பிற்பாடு அலுமினியத்தின் இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. வீட்டுத் தோட்டத்து ஓஸ் பைப்புக்கு 1968-இல் ஜெர்மனியின் கார்டெனா கம்பெனி, 'கிளிக்' என்று மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் தெளிப்புநீருக்கான சட்டென்று மாட்டும் பாலிஎத்திலீன் குழாய்க்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 14151 என்ற எண்ணின் இரண்டாம் பகுதி இருக்கிறது. 63, 75, 90, 110 மில்லிமீட்டர் என்று அளவும் நிலைத்துவிட்டது.

இந்த இணைப்பின் சூட்சுமம் என்ன? இதைத்தான் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். ஒழுகாமல் பார்ப்பது ஒரு வேலை. கழலாமல் பிடிப்பது வேறொரு வேலை. முதல் வேலையை ரப்பர் வாஷர் செய்கிறது. தெளிப்புநீர்க் குழாயின் வாஷருக்கு உதடு மாதிரி ஒரு மடிப்பு உண்டு. தண்ணீர் அழுத்த அழுத்த அந்த உதடு குழாயோடு ஒட்டிக்கொள்ளும்; மோட்டாரை நிறுத்தினால் தளர்ந்துவிடும், குழாய் லேசாகக் கழலும். இரண்டாவது வேலையைக் கொக்கி செய்கிறது. 63 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். தெளிப்பானுக்கு வேண்டிய இரண்டரை கிலோ அழுத்தம் கொடுத்தால், இணைப்பைப் பிய்க்கும் விசை சுமார் 78 கிலோ. ஒரு நெல் மூட்டை பாரம்! ரப்பர் இதைத் தாங்குமா? கொக்கி இல்லாமல் கம்பியால் கட்டிவிட்டு, 'வாஷர் சரியில்லை' என்று வாஷரைத் திட்டுகிறோம். அது நியாயமா, சொல்லுங்கள்.

இனிப் பிள்ளையின் வேலைக்கு வருவோம். கடையிலே எதுவும் வாங்க வேண்டாம். 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் இரண்டு துண்டு, பழைய சைக்கிள் டியூப், கொஞ்சம் சொல்யூஷன் போதும்.

ஒரு துண்டின் நுனியை, நாலு விரல்கட்டை நீளத்துக்குக் கொதிக்கிற தண்ணீரில் பெரியவர்கள் பிடித்து வைத்திருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இளகும். மற்றத் துண்டின் நுனியில் டியூப் கனத்துக்குக் காகிதத்தைச் சுற்றி, இளகிய வாய்க்குள் நுழைத்து, ஆறவிட்டு உருவுங்கள். வாய் விரிந்திருக்கும். வைக்கோல் தீயிலே காட்டாதீர்கள். பி.வி.சி. கருகினால் வருகிற புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

விரிந்த வாயின் ஓரத்திலிருந்து உள்ளே இரண்டு விரல்கட்டை வரை, எதிரெதிராக இரண்டு வெட்டு. வெட்டின் முடிவில் பக்கவாட்டில் ஒரு திருப்பம். குண்டு பல்பு மாட்டும் ஹோல்டரைப் பாருங்கள், அதே வெட்டுத்தான். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துப்பாக்கி முனையில் குத்துக்கத்தி மாட்டியதும் இதே முறையில்தான். உள்ளே போகும் துண்டில், வெட்டுக்கு நேராக இரண்டு சின்னப் பி.வி.சி. முண்டுகளைச் சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஒரு நாள் காயவிட வேண்டும். துளை போட்டு ஆணி அடிக்கக் கூடாது, அங்கே ஒழுகும். டியூப் வளையத்தை நுனியருகே மாட்டுங்கள். அது வெட்டு முடியும் இடத்தைத் தாண்டி உள்ளே போய் உட்கார வேண்டும். செருகி, ஒரு திருப்பு. மாட்டிக்கொண்டது. எதிர்ப்பக்கம் திருப்பினால் கையோடு வரும்.

சோதிக்க மோட்டாரில் மாட்டாதீர்கள். பத்தடி உயரத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் குழாய் இறக்கி, மறுநுனியை அடைத்தால் போதும். பத்தடிக்கு இணைப்பைத் தள்ளும் விசை சுமார் ஒன்றரை கிலோ. முண்டைத் திருப்பாமல் ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை, டியூப் வளையம் இல்லாமல் ஒரு தடவை என்று மூன்று முறை பார்த்து எழுதி வைத்தால், அதுதான் கண்காட்சி. எது ஒழுகலைத் தடுக்கிறது, எது பிடித்துக்கொள்கிறது என்று பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று. வாஷர் தேய்ந்தால் மாற்றுங்கள். அடுத்த போகம் வரை தள்ளாதீர்கள். கொக்கி உடைந்தால் கம்பியால் கட்டி ஒப்பேற்றாதீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். அடுத்த தடவை குழாய் வாங்கப் போகும்போது, பக்கத்துக் கொல்லைக்காரரிடம் அவர் அளவு என்ன, கொக்கி எந்த மாதிரி என்று ஒரு வார்த்தை கேட்டு, அதையே வாங்குங்கள். இரண்டு பேர் குழாயும் சேர்ந்தால் தூரத்துக் கிணற்றுத் தண்ணீரும் காய்கிற பாத்திக்கு வரும். இதற்குச் சட்டம் வேண்டாம், சர்க்கார் வேண்டாம். வரப்பிலே நின்று பேசினால் போதும்.

பிள்ளை கேட்ட இரண்டு முழம் பைப்பை மறக்காமல் கொடுங்கள்.