தொழில் ஆலோசகரின் முதல் வார்த்தை

ஊவா மாகாணப் பெருந்தோட்டங்களில் க.பொ.த. சாதாரண தரத்துடனோ அதற்கு முன்னரோ கல்வியை இடைநிறுத்தும் இளைஞர், யுவதிகள் தரகரின் பேச்சை நம்பிக் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் செல்வதை நாம் நீண்டகாலமாகக் கண்டு வருகின்றோம். தொழில் வழிகாட்டலுக்கென பிரதேச செயலகங்களில் உத்தியோகத்தர்கள் இருக்கையில், இவர்கள் தரகரை நாடுவது ஏன்?

தரகர் லயத்துக்கே வந்து அவர்களது மொழியில் பேசுகின்றார். அலுவலகத்திலோ, "பரீட்சையில் சித்தியா?" என்ற கேள்வியுடனேயே பல சந்தர்ப்பங்களில் உரையாடல் முடிந்துவிடுகின்றது. வெட்கித் தலைகுனிந்து வெளியேறுபவர் மீண்டும் அப்படியேற விரும்புவதில்லை.

பதுளை, பண்டாரவளை, ஹாலிஎலை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, பசறை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 ஆம் ஆண்டு இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. எனினும், தமிழில் எழுதிய பெயர்ப்பலகை தமிழில் உரையாடுவதற்கு ஈடாகாது. குருத்தலாவை போன்ற இடங்களில் வாழும் முஸ்லிம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

தொழில் சேவை உத்தியோகத்தர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என சர்வதேச தொழில் தாபனத்தின் 1948 ஆம் ஆண்டின் 88 ஆம் இலக்க சமவாயம் வலியுறுத்துகின்றது. அப்பயிற்சி சட்டதிட்டங்களையும் படிவங்களையும் கற்பிப்பதுடன் நின்றுவிடலாகாது. வந்தவரை மரியாதையுடன் அமரச்செய்தல், "ஆம்", "இல்லை" என முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்டல், குறுக்கிடாது செவிமடுத்தல், கேட்டதைத் திருப்பிக் கூறி உறுதிசெய்தல், அடுத்து எங்கே, எப்போது, எந்த ஆவணங்களுடன் செல்லவேண்டுமெனத் தமிழில் எழுதிக் கொடுத்தல் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இவற்றை விரிவுரையால் மட்டும் புகட்ட முடியாது. உத்தியோகத்தர்கள் தம்மிடையே ஆலோசகராகவும் தொழில் தேடுபவராகவும் மாறி மாறி நடித்துப் பழகுதல் அவசியமாகும்.

இதன் பயன் கண்கூடானது. மேசனுக்கு உதவியாளாகவோ வாகனத் திருத்தகத்திலோ சில வருடங்கள் உழைத்தவர், பாடநெறியைப் பயிலாமலேயே அனுபவத்தின் அடிப்படையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறுவதற்கு வழியுண்டு. "இதுவரை என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்கப்பட்டால் மாத்திரமே அவ்வழி திறக்கும், "சித்தியா?" என்ற கேள்வி அதனை அடைத்துவிடும்.

எனவே, மனிதவலு மற்றும் தொழில்வாய்ப்புத் திணைக்களமும் மாகாண நிர்வாகமும் தமிழ்மொழியில் உரையாடக்கூடிய உத்தியோகத்தர்களை நியமிப்பதுடன், அவர்களுக்கு இப்பயிற்சியை அளித்து, மாதத்தில் ஒரு தினமேனும் தோட்டங்களுக்கே சென்று சேவையாற்றச் செய்ய வேண்டும். தரகர் ஏறும் மலைக்கு அரச உத்தியோகத்தரும் ஏறினாலன்றி இந்நிலை மாறாது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.