பத்து ஷில்லிங் பாட்டு



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். தானே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, யூடியூபில் ஏற்றுகிறவன். "சார், பாட்டுக்கு காப்பிரைட் பதிவு செய்யணுமா, இல்லே தண்டச் செலவா?" என்றான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்?

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்றொரு ஜூலு பாடகர். ஜோகன்னஸ்பர்க்கில் கேலோ இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைப் பொதி கட்டும் தொழிலாளி. 1939-இல் அதே நிறுவனத்தில் தன் குழுவோடு 'ம்பூபே' என்ற பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சிங்கம். அதன் உரிமை வெறும் பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியது.

அந்த இசைத்தட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. பீட் சீகரின் வீவர்ஸ் குழு அதை 'விமோவே' என்று பாடியது. பாட்டின் உரிமையில் 'பால் கேம்பெல்' என்ற பெயர் ஏறியது. அப்படி ஓர் ஆளே கிடையாது. அது குழுவின் புனைபெயர்! 1961-இல் ஆங்கில வரிகள் சேர்த்து 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என டோக்கன்ஸ் குழு பாட, அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்தது. எழுதியவர்களாக மூன்று அமெரிக்கர்களின் பெயர்கள் வந்தன. மறு ஆண்டே லிண்டா வறுமையில் இறந்துபோனார்.

1994-இல் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்திலும் அந்தப் பாட்டு ஒலித்தது. 2004-இல் லிண்டாவின் மகள்களுக்காக வழக்குத் தொடுத்தார்கள். படைத்தவர் இறந்து 25 ஆண்டுகளில் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் கைகொடுத்தது. 2006-இல் சமரசம் ஆகி, குடும்பத்துக்குப் பங்கு கிடைத்தது.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாட்டை எழுதிய அன்றே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. ஆனால் நாளை வழக்கென்று வந்தால், பதிவேடுதான் நீதிமன்றம் முதலில் ஏற்கும் சான்று. வரிகளுக்கு 500 ரூபாய், இசைக்கு 500 ரூபாய். நாலு பேர் பாடும் பாட்டு என்றால், செய்துவிடுவது நல்லது.

ஆனால் லிண்டா பதிவு செய்திருந்தாலும் அந்தக் கையெழுத்து அவரைக் கவிழ்த்திருக்கும். பதிவு, பாட்டு யாருடையது என்று சொல்லும். விற்றதை மீட்டுத் தராது. 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ராயல்டியில் தங்கள் சமபங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகள்தான் கணக்கு.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பையன் மெல்ல, "சார், ஒரு கம்பெனி மொத்தமாப் பணம் தர்றேன்னு பேப்பர் அனுப்பியிருக்காங்க" என்றான். அதுதான் உண்மையான கேள்வி! கையெழுத்துப் போடாமல் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்களில் வக்கீலாக இருப்பவர்கள் யாராவது ஒரு கண் பார்த்துச் சொல்லுங்கள், அப்பா.