வரி கட்டியவரே வாக்காளர்: பம்பாய்க் குடிநீரின் தேர்தல் வரலாறு

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது வெளியாகும் அறிக்கைகளில் குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, குப்பை என்னும் வரிசை தவறாமல் இடம்பெறும். வாக்கு என்பது இவற்றைக் கேட்டுப் பெறுவதற்கான கருவி என்றே நாம் கருதிப் பழகிவிட்டோம். ஆனால் இந்தியாவில் நகராட்சித் தேர்தல் பிறந்த சூழலை நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. பம்பாயில் தேர்தல் கோரிக்கை எழுந்தது சேவைகளைக் கேட்டன்று. சேவைகளுக்கு ஆகும் செலவைக் கட்டுப்படுத்தவே எழுந்தது. நான் அறிந்தவரை இதைப் பம்பாயைப் போலத் தெளிவாகக் காட்டும் நகரம் வேறில்லை.

1854ஆம் ஆண்டின் வறட்சியில் தீவின் கிணறுகளும் குளங்களும் வற்றின. அதன் பின்னரே ஹென்றி கோனிபியரின் திட்டப்படி விஹார் ஏரி அமைக்கப்பட்டு, 1860இல் குழாய்வழி நீர் நகருக்குள் வந்தது. அதுவரை பம்பாய்வாசிகள் குடித்த நீரில் பெரும்பகுதி கிணறுகளிலும், செல்வர்கள் அறமாக வெட்டிவைத்த குளங்களிலும் இருந்து கிடைத்தது. நீர் கொடையாக இருந்த ஊரில் அது வரியாக மாறியது சிறிய மாற்றமன்று. விஹார் திட்டத்தையும் அக்கால வடிகால் திட்டங்களையும் பற்றி மரியம் தோசல் எழுதியுள்ள நூலை நகர வரலாற்று மாணவர்கள் முதலில் வாசிக்க வேண்டும். பேரரசின் திட்டங்கள் உள்ளூர்ச் செல்வர்களின் எதிர்ப்பில் எவ்வாறு வளைந்தன என்பதை அது விரிவாகக் காட்டுகிறது.

1865ஆம் ஆண்டுச் சட்டம் நகர நிர்வாகத்தை அரசு நியமித்த ஆணையர் ஒருவரிடம் ஒப்படைத்தது. சமாதான நீதிபதிகள் அடங்கிய அவை அவரை மேற்பார்வையிட வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் அம்மேற்பார்வை பெயரளவினதே. ஆணையராகப் பொறுப்பேற்ற ஆர்தர் கிராஃபோர்டு சாலை, சந்தை, துப்புரவு என வேகமாகச் செலவிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, பருத்தி விலை வீழ்ந்து, நகரின் பங்குச் சந்தைப் பித்து சரிந்திருந்தது. கடனும் வரியும் ஏறின. 1871இல் வரி செலுத்துவோரின் கிளர்ச்சி வெடித்தது. அதன் முன்னணியில் நின்றோரில் சொத்துடையோர் பலர். தங்கள் பணத்தைச் செலவிடுவோரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இருபத்தாறு வயது வழக்கறிஞராக இருந்த பெரோஸ்ஷா மேத்தா அவ்வாண்டு நவம்பரில் ஆற்றிய உரையில் கூட்டத்தின் மனநிலைக்கு மாறாகப் பேசினார். கிராஃபோர்டின் பணிகளை அவர் பாராட்டினார். அவை தேர்தல்வழி அமையட்டும், செயலாட்சி ஒரே ஆணையரிடம் இருக்கட்டும் என்று வாதிட்டார்.

1872ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் இவ்வழியே சென்றது. மன்ற உறுப்பினர் 64 பேரில் 32 பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். எஞ்சிய பாதியை நீதிபதிகளும் அரசும் பகிர்ந்துகொண்டனர். ஆண்டுக்கு 50 ரூபாய் நகராட்சி வரி செலுத்துவோரே வாக்காளர். 1872 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 6,44,405. அதில் இந்த வரம்பைத் தொட்டவர்கள் மிகச் சிலரே.

இங்குச் சற்று நிற்க வேண்டும். நீர்வரியும் ஹலால்கோர் வரியும் கட்டடத்தின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டவை. மலம் அகற்றும் தொழிலாளரின் பெயரே அவ்வரிக்கு இடப்பட்டிருந்தது. அத்தொழிலாளருக்கோ வாக்கு இல்லை. சால் எனப்படும் ஓரறைக் குடியிருப்புகளில் ஒரே குழாயடியைப் பகிர்ந்துகொண்ட ஆலைத் தொழிலாளி அவ்வரியை வாடகையின் வழியாகவே செலுத்தினார். சட்டத்தின் கண்ணில் வரி செலுத்தியவர் வீட்டுக்காரர், வாக்கும் அவருடையது. தெற்கிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலித் தமிழர்களும் இதே வெளிவட்டத்தில்தான் இருந்தனர். குழாய் வேண்டியவர் ஒருவர், குழாய்க்கான செலவை முடிவு செய்தவர் மற்றொருவர் என்னும் இப்பிளவு தற்செயலானதன்று; சட்டத்திலேயே பொதிந்திருந்தது. அதே வேளையில், சொத்துடையோரின் மன்றம் எதையும் கட்டவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. துளசி ஏரியும், 1892இல் திறக்கப்பட்ட தான்சா அணையும் அக்காலத்தவையே.

1896இல் மாண்ட்வியில் பிளேக் தோன்றியது. அதன் பின் 1898இல் அரசு அமைத்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலான பகுதிகளை இடித்துச் சீரமைக்கும் அதிகாரத்தைப் பெரும்பாலும் நியமன உறுப்பினர்களிடம் வைத்தது. தேர்தல் மன்றத்தைச் சுற்றிக்கொண்டு போகும் இவ்வழக்கம், இன்றைய சிறப்பு வாரியங்களையும் நிறுவனங்களையும் அறிந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. அறக்கட்டளை 1933இல்தான் மாநகராட்சியோடு இணைந்தது.

1922இல் மாதம் பத்து ரூபாய் வாடகை தருவோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 106 உறுப்பினரில் 76 பேர் பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாடகைதாரர் வாக்காளரானது, என் பார்வையில், 1872ஐ விடப் பெரிய திருப்பம். 1947 ஆகஸ்ட் 7 அன்று மின்சாரமும் டிராம்வேயும் தனியார் நிறுவனத்திடமிருந்து மாநகராட்சியின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டுத் தேர்தல் வயதுவந்தோர் அனைவரின் வாக்குரிமையில் நடந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தலைகீழாகத் திரும்பியது. குடிசைப்பகுதி மக்களுக்கு இப்போது வாக்கு இருந்தது, குழாய் இல்லை. 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பும் அதையொட்டி வழங்கிய புகைப்பட அட்டையும் தொடங்கி, குடியிருப்பை மெய்ப்பிக்கும் ஆவணங்களே நீருக்கு வாயிலாயின. பின்னர் 1995 ஜனவரி 1 என்னும் எல்லைத் தேதி வந்தது. அத்தேதிக்கு முன்பே அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்கும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று வாக்காளர் பட்டியல். வரிப் பதிவேட்டில் பெயர் இருந்தால் வாக்கு என்பது 1873ஆம் ஆண்டின் விதி. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் குழாய் என்பது 1995க்குப் பிந்திய விதி. சில குடும்பங்கள் சேர்ந்து பெறும் கூட்டு இணைப்பு, அதற்கொரு செயலாளர், விண்ணப்பத்தைத் தள்ளிக்கொடுக்கும் மாமன்ற உறுப்பினர், குழாய் பொருத்துநர் என்று விரியும் அந்த உலகை நிகில் ஆனந்தின் ஆய்வு நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறது.

2014 டிசம்பரில் பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், நீரைப் பெறும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும், குடியிருப்பு சட்டவிரோதமானது என்பதற்காக அதை முற்றிலும் மறுக்க இயலாது என்று கூறியது. ஆனால் சட்டப்பூர்வக் கட்டடங்களுக்கு உரியதைவிடக் கூடுதல் கட்டணம் விதிக்கவும், ஒவ்வொரு குடிசைக்கும் தனி இணைப்பு தராமல் பொதுக் குழாய் வழி வழங்கவும் மாநகராட்சிக்கு இடமளித்தது.

2017 மாநகராட்சித் தேர்தலில் முன்வைக்கப்பட்ட வாக்குறுதிகளுள் ஒன்று, 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்துவரி விலக்கு. முழு விலக்கு 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறாததால், அரசு நியமித்த ஆணையரே நிர்வாகியாகவும் பொறுப்பேற்றார்.