ஏவலிலிருந்து ஆவணத்திற்கு: முகிற் கணினித் தொகுதிகளின் வரலாறு

எக்கலையும் முதலிற் கலைஞனின் கையிலும் நினைவிலுமே வாழ்கின்றது. பின்னரே ஏட்டில் ஏறுகின்றது. கட்டடமும் மருத்துவமும் இசையும் இவ்வழியே வளர்ந்தவை. வயதில் மிக இளையதாகிய கணினித் துறையும் இந்நியதிக்குப் புறம்பானதன்று. இந்நாளில் ஒரு பொறியியலாளர் சில பக்கங்களே கொண்ட ஓர் ஆவணத்தை எழுதி, அதனை நிறைவேற்றுமாறு பணிப்பாராயின், கடல் கடந்த நாடொன்றில் வெவ்வேறு கட்டடங்களிற் பரந்து கிடக்கும் கணினிகள் சிறிது நேரத்தில் ஒரு தொகுதியாக இணைந்து தொழிற்படத் தொடங்குகின்றன. அக்கணினிகளுள் ஒன்றையேனும் அவர் கண்ணாற் கண்டிரார். இத்தகைய தொகுதிகளை ஆள்வதற்குப் பெருவழக்காயுள்ள மென்பொருள் குபெர்னெட்டிஸ் எனப்படும். தொகுதியையே எழுத்தின் வழி ஆக்கும் முறை, உட்கட்டமைப்பை நிரலாக எழுதுதல் எனப்படும். இவ்விரண்டும் வேறு வேறு ஊற்றுக்களிற் பிறந்து ஓரிடத்திற் கலந்தவை. இவற்றின் வரலாறு, கைக்கிருந்த அதிகாரம் எழுத்துக்கு மாறிய வரலாறாகும். அம்மாற்றம் எவ்வளவிற்கு நிறைவெய்தியது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முற்காலத்தில் ஒவ்வொரு வழங்கிக் கணினியையும் அதற்குப் பொறுப்பானவர் தம் கையாலேயே அமைத்தார். பத்துக் கணினிகள் தொடக்கத்தில் ஒரே தன்மையனவாய் இருந்தாலும், இன்று ஒன்றிற் செய்த திருத்தம் மற்றொன்றிற் செய்யப்படாது விடப்படும். நாளடைவில் பத்தும் பத்து விதமாகும். ஓர் ஏட்டைப் பலர் பெயர்த்தெழுதும்போது பாடபேதங்கள் புகுவதையும், பின்பு மூலபாடம் எதுவெனத் துணிதல் அரிதாவதையும் பதிப்பாசிரியர் நன்கறிவர். கணினிகளிடத்தும் நிகழ்ந்தது இதுவே. இதனால் விளையக்கூடிய கேட்டின் அளவை 2012 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 ஆம் நாள் உலகம் கண்டது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் வணிகம் நடாத்திய நைற் கப்பிற்றல் என்னும் நிறுவனம், எட்டு வழங்கிக் கணினிகளிற் புதிய நிரலை இடவேண்டியிருந்தது. ஏழில் அது இடப்பட்டது, ஒன்றில் விடுபட்டது. விடுபட்ட கணினியில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்தெழுந்து, கருதாத கட்டளைகளைச் சந்தைக்கு ஓயாது அனுப்பிற்று. முக்கால் மணி நேரத்துள் நிறுவனம் 40 கோடி டொலருக்கு மேல் இழந்தது.

கைவேலையின் இக்குறையை முன்னரே உணர்ந்து வேறு வழி கண்டவர் மார்க் பேர்ஜெஸ் ஆவர். பௌதிகவியல் அறிஞராகிய இவர், நோர்வே நாட்டு ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த காலத்தில், தம் துறையிலிருந்த கணினிகளைப் பேணும் பொருட்டு 1993 ஆம் ஆண்டில் சிஎப்எஞ்சின் என்னும் கருவியை ஆக்கினார். அதன் உட்கோள் எளியது, ஆயினும் ஆழமானது. "இதைச் செய், பின்பு அதைச் செய்" என்று கணினியை ஏவுதல் பழைய முறை. "இக்கணினி இந்நிலையில் இருத்தல் வேண்டும்" என்று நிலையை எழுதிவைத்தல் புதிய முறை. கருவியானது எழுதப்பட்ட நிலையையும் உள்ள நிலையையும் ஒப்புநோக்கி, வேறுபாடு காணுமிடத்து மட்டும் திருத்தும். ஏவலை இருமுறை நிறைவேற்றினால் இருமுறை விளைவு உண்டாகும். நிலையை எத்தனை முறை நிறைவேற்றினும் முடிவு ஒன்றே. பின்னர் வந்த பப்பெற் (2005), செவ் (2009), அன்சிபிள் (2012) என்பன தம்முள் வேறுபட்டனவாயினும், நிலையை எழுதும் இக்கோட்பாட்டைத் தத்தம் வழியில் மேற்கொண்டனவே.

எனினும் இக்கருவிகள் யாவும் ஏற்கெனவே உள்ள கணினியைச் சீர்செய்வன. கணினியை வாங்குதலும் நிறுத்துதலும் கம்பியால் இணைத்தலும் அவற்றிற்கு அப்பாற்பட்டிருந்தன. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமேசன் நிறுவனம், தன் கணினி ஆற்றலை மணிக்கணக்கிற் பிறர்க்கு வாடகைக்கு விடத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறிற்று. ஒரு வேண்டுகோளை அனுப்பிய அளவில் ஒரு கணினி தோன்றும்; மற்றொன்றை அனுப்பிய அளவில் அது மறையும். கணினி பொருளாக இருந்த நிலை மாறிச் சொல்லாக ஆயிற்று எனலாம். சொல்லாயின் அதனை எழுதிவைக்கவும் கூடுமன்றோ? அமேசன் 2011 ஆம் ஆண்டில் கிளவுட்போர்மேசன் என்னும் எழுத்து முறையை வெளியிட்டது. அஃது அந்நிறுவனத்தின் சேவைகளையே முதன்மையாகக் கருதியது. மிச்செல் ஹஷிமொட்டோ, ஆர்மன் டாட்கர் என்னும் இருவர் நிறுவிய ஹஷிகோர்ப், 2014 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியிட்ட டெராபோர்ம், பல நிறுவனங்களின் முகில்களுக்கும் ஒரே மொழியில் ஆவணம் எழுத வழி செய்தது.

டெராபோர்ம் தொழிற்படும் முறை அறியத்தக்கது. எழுதுவோர் வேண்டியவற்றைக் கூறுவரேயன்றி, எதனை முன்செய்வது, எதனைப் பின்செய்வது என வரிசைப்படுத்துவதில்லை. எப்பொருள் எதனைச் சார்ந்தது என்பதை ஆவணத்திலிருந்து கருவியே அறிந்து, வலையமைப்பை முன்னும் அதனுள் அமையும் கணினிகளைப் பின்னும் ஆக்கும். தான் ஆக்கியவற்றை ஒரு பதிவேட்டிற் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை ஆவணம், பதிவேடு, உண்மை நிலை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, எவை புதிதாக ஆக்கப்படும், எவை மாற்றப்படும், எவை அழிக்கப்படும் என்பதை முன்னதாகவே திட்டமாகக் காட்டும். ஒப்புதல் பெற்ற பின்னரே செயல் தொடங்கும். இத்திட்டத்தை வாசியாது ஒப்புதல் அளிப்பவர் பேராபத்தை விலைக்கு வாங்குபவர் ஆவர். ஏனெனில் ஆவணத்தில் ஒரு பகுதியை நீக்கின், அதற்குரிய பொருளை அழிக்குமாறு பணித்ததாகவே கருவி கொள்ளும்.

இஃது ஓர் ஊற்று. மற்றையது கூகிள் நிறுவனத்தினுள்ளே தோன்றியது. அந்நிறுவனம் போர்க் என்னும் ஆட்சி மென்பொருளால் தன் கணினிகளைத் தொகுதி தொகுதியாக ஆண்டது. நடுத்தரத் தொகுதியொன்று ஏறத்தாழ 10,000 கணினிகளைக் கொண்டது என 2015 இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை கூறுகின்றது. ஒரே கணினியிற் பல பணிகள் ஒன்றையொன்று நலியாது இயங்குவதற்கு, ஒவ்வொன்றும் கொள்ளும் வளத்திற்கு எல்லை வகுத்தல் இன்றியமையாதது. அவ்வசதியைக் கூகிள் பொறியியலாளர் 2006 ஆம் ஆண்டு தொடக்கம் உருவாக்கினர். 2008 இல் அது லினக்ஸ் கருவகத்திற் சேர்க்கப்பட்டது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய யாவற்றையும் ஒரு கொள்கலத்தில் அடைத்து எங்கும் கொண்டுசெல்லும் முறையை, 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சொலமன் ஹைக்ஸ் காட்டிய டொக்கர் யாவர்க்கும் எளிதாக்கிற்று. கொள்கலங்கள் பெருகவே, எது எந்தக் கணினியில் இயங்குவது என்று தீர்மானிக்கும் தலைவன் வேண்டப்பட்டான். கூகிளில் ஜோ பீடா, பிரெண்டன் பேர்ண்ஸ், கிரெய்க் மக்லக்கி என்போர் தொடங்கிய குபெர்னெட்டிஸ் 2014 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிப்பட்டது. மரக்கலத்தைச் செலுத்தும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயர். 2015 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதன் முதலாம் பதிப்பு வெளியான வேளையிலேயே, அதனைத் தனியொரு நிறுவனத்தின் உடைமையாகக் கொள்ளாது, லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் அமையும் பொது அமைப்பொன்றிடம் ஒப்படைக்கும் முடிவும் அறிவிக்கப்பட்டது.

இங்கும் நிலையை எழுதும் கோட்பாடே ஆட்சி புரிகின்றது. "இம்மென்பொருளின் மூன்று படிகள் இயங்குதல் வேண்டும்" என எழுதினால், அவ்வேண்டுதல் ஈற்ற்சீடீ என்னும் தரவுக் களஞ்சியத்திற் பதிவாகும். கட்டுப்பாட்டு நிரல்கள் இடையறாது நோக்கியிருந்து, ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றை எழுப்பும். அக்களஞ்சியமும் பெரும்பான்மை உடன்பாட்டால் இயங்குவது; மூன்று உறுப்புக்கள் இருப்பின் ஒன்றையும், ஐந்து இருப்பின் இரண்டையும் இழந்தும் நிலைபெறும்.

ஆயினும் மீகாமனுக்கு முதலில் மரக்கலம் வேண்டும். குபெர்னெட்டிசைத் தொடக்கத்திலிருந்து தாமே நிறுவுவது எத்துணைக் கடினம் என்பதைக் கெல்சி ஹைற்றவர் 2016 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட செய்முறை வழிகாட்டி மாணவர்க்கு உணர்த்திற்று. முகில் நிறுவனங்கள் அச்சுமையைத் தாமே ஏற்றன. கூகிள் 2015 இலேயே இத்துறையில் இறங்கியது. அமேசனும் மைக்ரோசொப்டும் 2018 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தத்தம் சேவைகளை முழுமையாகத் திறந்தன. இவ்வாறு இரு ஊற்றுக்களும் கலந்தன. இன்று ஒரு தொகுதியை ஆக்கும் ஆவணத்தில் வலையமைப்பு, அதன் உட்பிரிவுகள், யார் எதனைச் செய்யலாம் என்னும் உரிமைகள், ஆட்சித் தளம், பணிக் கணினிகளின் குழுக்கள் என்பன அடங்கும். அமேசன் முறையில் உட்பிரிவுகள் குறைந்தது இரண்டு தனித்தனி வலயங்களிலேனும் அமைதல் வேண்டும். ஒரு வலயம் இருளினும் மற்றையது விளங்கும் பொருட்டே இவ்விதி.

இவ்விரு கருவிகளுக்கும் இடையே நுட்பமான வேறுபாடொன்று உண்டு. குபெர்னெட்டிஸ் இமையா விழியுடன் காத்திருப்பது. டெராபோர்ம் அழைத்தபோது மட்டும் வருவது. ஆகவே நள்ளிரவில் இடர் நேர்ந்து, ஒருவர் ஆவணத்தைத் தொடாது நேரே முகிலிற் கைவைத்து ஒரு மாற்றம் செய்வாராயின், அதனை உடனே உணர்வார் எவருமிலர். பாடபேதம் மீண்டும் புகுந்துவிடும். அடுத்த முறை ஆவணம் நிறைவேறும்போது அத்திருத்தம் துடைக்கப்படுதலும் கூடும்.

எழுத்து இருந்தும் நினைவு தேய்ந்தால் நேர்வதை 2023 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் நாள் காட்டிற்று. றெடிற் என்னும் பெருந்தளம் தன் பழைய தொகுதியொன்றைக் குபெர்னெட்டிசின் 1.23 பதிப்பிலிருந்து 1.24 பதிப்பிற்கு உயர்த்தியது. ஆட்சிக் கணினிகளுக்கு இடப்பட்டு வந்த பழைய அடையாளப் பெயரைப் புதிய பதிப்பு நீக்கியிருந்தது. வலையமைப்பின் வழிகாட்டிக் கணினிகளைத் தேரும் ஏற்பாடோ அப்பழைய பெயரையே நாடி நின்றது. அவ்வேற்பாட்டைப் பல்லாண்டுகளுக்கு முன் செய்தவரும் அறிந்தவரும் வேறு பணிகளுக்குச் சென்றுவிட்டனர். மீட்பு முறை எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது வழக்கொழிந்த பதிப்பிற்காக எழுதப்பட்டது. தளம் 314 நிமிடங்கள் செயலற்றிருந்தது. நைற் கப்பிற்றலில் ஒரு கணினி மறக்கப்பட்டது. இங்கு ஒரு காரணம் மறக்கப்பட்டது. எழுத்து முன்னதைத் தடுக்க வல்லது. பின்னதைத் தடுத்தற்கு, எழுதியதை மீண்டும் மீண்டும் வாசித்துச் செயலிற் சோதிக்கும் மாந்தர் வேண்டும்.

ஆவணம் எழுதப்படும் மொழி யாருடையது என்னும் வினாவும் 2023 ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஹஷிகோர்ப், டெராபோர்மின் திறந்த உரிமத்தைக் கைவிட்டு, போட்டியாளரைக் கட்டுப்படுத்தும் உரிமத்திற்கு மாறியது. அதனை ஏலாதோர் முன்னைய நிரலிலிருந்து ஓபின்டோபு என்னும் கிளையைப் பிரித்து, லினக்ஸ் அறக்கட்டளையின் பாதுகாப்பில் வைத்தனர். 2025 ஆம் ஆண்டில் ஹஷிகோர்ப் ஐபிஎம் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட குபெர்னெட்டிசின் நிலையோடு இதனை ஒப்பிடுவோர், பல்லாயிரம் நிறுவனங்களின் அமைப்பு ஒரு மொழியிலே எழுதப்பட்டிருக்கும்போது அம்மொழியின் உரிமை வெறும் வணிகச் செய்தி அன்று என்பதை உணர்வர்.

முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட இவ்வரலாறு தரும் முடிபு ஒன்றுண்டு. ஏவலைக் காட்டிலும் ஆவணம் சிறந்தது. அது பலரால் வாசிக்கப்படும், திருத்தப்படும், ஆக்கியோர் நீங்கிய பின்னும் நிற்கும். ஆனால் எழுதப்படாது விடப்பட்டதை எவ்வாவணமும் காவாது. எழுதியதோடு அமையாது, எழுதியதற்கும் உள்ளதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நாள்தோறும் நோக்குபவரிடத்தேதான் எழுத்து உயிர்பெறுகின்றது. ஒஸ்லோவிலே 1993 இல் ஒரு கருவிக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் இதுவே. அக்கருவிகளை ஆள்வோர் கற்கவேண்டிய பாடமும் இதுவேயாம்.