சைக்கிள் வந்த வழியும் அதை வச்சுக்கிற முறையும்

நம்ம காக்களூர் சிட்கோ பக்கம் ஷிப்டு மாறுற நேரத்துல பைக்கும் வேனும்தான் நிறைய தெரியும். ஆனாலும் சைக்கிள் மிதிச்சு வேலைக்கு வர்றவங்க இன்னும் இருக்காங்க. அவங்களுக்காகவும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்காகவும் இதை எழுதுறேன்.

1885ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செயின் வச்சு, ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிற ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888ல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் பையனோட மூணு சக்கர வண்டிக்காகக் காத்தடிச்ச டயரைச் செய்தார். இன்னைக்கு நாம ஓட்டுற வண்டிக்கு அடிப்படை இந்த ரெண்டும்தான்.

நம்ம பக்கத்துக்கு சைக்கிள் தொழில் வந்தது அம்பத்தூர் வழியா. 1949ல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அவங்க பேருதான். திருவள்ளூர் ரயில் தடத்துல இருக்கிற அம்பத்தூரில் சைக்கிளும் செஞ்சாங்க, டன்லப் டயரும் செஞ்சாங்க. அந்தக் காலத்துல சைக்கிளுக்கு வரி கட்டித் தகர வில்லை மாட்டணும். ராத்திரியில விளக்கு இல்லைன்னா போலீஸ் பிடிக்கும். மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுத்தான் பசங்க கத்துக்கிட்டாங்க.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தது. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பஸ்ஸுக்கும் வீட்டு ஆம்பளைக்கும் காத்திருந்த பெண்கள் தாங்களே தண்ணிக்கும் சந்தைக்கும் வேலைக்கும் போனாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். 2001-02ல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சு, பிறகு மற்ற பிள்ளைங்களுக்கும் விரிவாக்கியது.

வண்டி வீட்டுக்கு வந்துடுச்சு. ஆனா வாடகை சைக்கிள் கடையோட பராமரிக்கிற அறிவும் போயிடுச்சு. நல்ல வண்டி ஒரு பஞ்சருக்காக மாட்டுக் கொட்டாய்ல துருப்பிடிச்சு நிக்குது. அதனால கொஞ்சம் கேளுங்க.

காத்து குறைவா இருக்கும்போது மூட்டை ஏத்தாதீங்க. கல்லுல ஏறினா டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். அடிச்ச காத்து நிக்காம போனா முதல்ல வால் டியூபைப் பாருங்க. ரப்பர் இத்துப் போயிருக்கும், மாத்தினா போதும்.

செயினைத் துணியால துடைச்சுட்டு எண்ணெய் விடுங்க. வண்டியில வடிச்ச பழைய எஞ்சின் ஆயில் வேணாம், அதுல இரும்புத் தூள் இருக்கும். எண்ணெய் அதிகமானா மண்ணு ஒட்டிப் பல்லைத் தேய்ச்சுடும். செயின் நடுவுல அரை அங்குலம் ஆடணும். அதுக்கு மேல தொங்கினா பின் சக்கர நட்டைத் தளர்த்திப் பின்னால இழுத்து முறுக்குங்க.

சீட்டு உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா நீளணும். மிதிக்கும்போது பாதத்தோட முன்பக்கத்தால மிதிங்க. சீட்டு தாழ்வா இருந்தா முட்டிதான் தேயும்.

பிரேக் ரெண்டையும் பிடிங்க. பின்னதைக் கொஞ்சம் முந்திப் பிடிச்சு, உடம்பைப் பின்னால தள்ளுங்க. மணல்ல முன் பிரேக்கை மட்டும் இறுக்கினா வண்டி வாரி விட்டுடும். மழையில நனைஞ்ச இரும்பு ரிம்முல கட்டை வழுக்கும். அதனால தூரத்துலேயே பிடிக்க ஆரம்பிங்க.

முக்கியமா ஒண்ணு. லாரி வருதுன்னு தார் ரோட்டுலேர்ந்து மண்ணுல இறங்கிட்டா, ஓட்டிக்கிட்டே சாய்வா திரும்ப ஏறாதீங்க. விளிம்புல டயர் உரசி, லாரிக்கு அடியிலயே தள்ளிடும். நின்னு, இறங்கி, தூக்கி வச்சு ஏறுங்க. நைட் ஷிப்டு முடிஞ்சு வர்றவங்க பின் மட்கார்டுல சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டுங்க. இன்னைக்கு வில்லையும் கேக்க மாட்டாங்க, விளக்கும் கேக்க மாட்டாங்க. ஆனா லாரிக்காரன் கண்ணுக்கு நாம தெரியணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுல நிக்கிற வண்டியை வெளியில எடுங்க. பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சு, டியூபை அதுங்க கையாலயே கழட்ட விடுங்க.