டிரை கிளீனிங் கடையில் என்ன ரசாயனம்? வாடிக்கையாளர் அறிய வேண்டியவை

பட்டுப் புடவை, கோட்டு முதலியவற்றை டிரை கிளீனிங் செய்யும் டோபி கடைகள் தண்ணீருக்குப் பதிலாக ரசாயனத் திரவத்தைப் பயன்படுத்துகின்றன. உலகில் நெடுங்காலமாகப் புழங்கி வருவது 'பெர்க்' எனப்படும் பெர்குளோரோஎத்திலீன். இதன் ஆவியை அதிகம் சுவாசித்தால் தலைவலி, மயக்கம் வரலாம். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களில் சேர்த்தது. கடை ஊழியர்களுக்கே ஆபத்து அதிகம்.

மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் அபாய ரசாயன விதிமுறைகளின்படி, அவற்றை விநியோகிப்பவர் கலனில் எச்சரிக்கை லேபிள் ஒட்டி, பாதுகாப்புத் தகவல் தாளும் தரவேண்டும். இது வேலையிடப் பாதுகாப்புக்கானது. கடையின் பின்புறம் இருக்கும் கலன் வாடிக்கையாளர் கண்ணில் படாது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பெர்க் பயன்படுத்தும் கடைகள் அதுபற்றிய அறிவிப்பை மக்கள் பார்வையில் ஒட்டவேண்டும். கலிபோர்னியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. எனினும் 10 பேருக்கும் குறைவான ஊழியர்கள் கொண்ட நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. சிறிய சலவைக் கடைகள் பல அப்படிப்பட்டவையே. விலக்கு இருந்தால் அறிவிப்பு பெயரளவில்தான் நிற்கும்.

வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை:

• எந்த ரசாயனம் என்று கடையில் கேளுங்கள்.
• பிளாஸ்டிக் உறையை அகற்றி, துணியைக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.
• ரசாயன வாடை போனபின் அலமாரியில் வையுங்கள்.