ஸ்லேட்டர் கிராமங்கள்

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தொடங்கிவைத்த கள ஆய்வில் இடம்பெற்று, அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட தென்னிந்திய ஊர்கள். இருவேல்பட்டு (தென்னார்க்காடு), தூசி (வடஆர்க்காடு), பாலக்குறிச்சி (தஞ்சாவூர்), கங்கைகொண்டான் (திருநெல்வேலி), வடமலாபுரம் (இராமநாதபுரம்) ஆகியவை இவற்றுள் பெயர்பெற்ற தமிழ் ஊர்கள்.

ஆங்கிலேய உழவர்கள் தங்கள் பொதுநிலங்களை இழந்த வரலாற்றை 1907இல் நூலாக எழுதியவர் ஸ்லேட்டர். 1915இல் சென்னைக்கு வந்து பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரானார். இந்தியப் பொருளாதாரத்தை ஊரிலிருந்து படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மாணவர்கள் கையில் வினாப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் தாம் அறிந்த ஊர்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் யாருக்கு, கூலி எவ்வளவு என்று அவர்கள் கேட்டு எழுதியவை 1918இல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாயின. அக்காலத்தில் கல்லூரி ஏறியவர்கள் பெரும்பாலும் மேல்சாதியினர். சேரிக்குள்ளிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்பதை அந்தப் பக்கங்களில் தேடினால் கொஞ்சமே கிடைக்கும். இந்தக் குறையோடுதான் அவற்றைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு முறை எடுத்த கணக்கோடு இது நின்றிருந்தால் இன்று யாரும் பேசமாட்டார்கள். பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1930களில் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களின் முற்பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியை எடுத்துக்கொண்டது. எஸ். குகன் இருவேல்பட்டை ஜோன் மெஞ்சருடன் சேர்ந்தும், தூசியை வேறொருவருடன் சேர்ந்தும் ஆராய்ந்தார். கங்கைகொண்டானை ஆராய்ந்தவர் வெங்கடேஷ் ஆத்ரேயா.

இவற்றுள் நீண்ட தொடர்ச்சி இருவேல்பட்டுக்கு உண்டு. 1916இல் அங்கே ஒரு ரெட்டியார் குடும்பத்தின் கை ஓங்கியிருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் படியாட்களாக, கடனாலும் நெற்கூலியாலும் நிலக்காரரோடு கட்டுண்டிருந்தனர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008 வரையிலான மாற்றத்தை 2010இல் எழுதினர். அந்தப் பிடி தளர்ந்துவிட்டிருந்தது. நிலம் பெரிய அளவில் உழைப்பவர் கைக்கு மாறியதால் இது நேரவில்லை. வயலுக்கு வெளியே வேலை கிடைத்ததும், நிலக்காரரை நம்பியே பிழைக்க வேண்டிய கட்டாயம் குறைந்ததும், தலித் மக்களின் அரசியல் விழிப்பும் சேர்ந்துதான் அதைச் செய்தன. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை மட்டும் படித்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கே இது புலப்பட்டது.

உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூரில் இதுபோன்ற தொடர் ஆய்வுகள் 1957-58இல் தொடங்கின. அவ்வூர் உலகப் பொருளியல் வட்டாரத்தில் இவற்றைவிட அதிகம் பேசப்படுகிறது. ஆனால் கால நீளத்தில் ஸ்லேட்டரின் ஊர்களே மூத்தவை.